நாற்பத்தொன்றாம் எண் மரம்

அழகர்கோவில் சாலை கொஞ்சம் வளைந்து போகும் ஓரிடத்தில், ஒரு புளியமரத்தின் பட்டையில் வெள்ளைப் பெயின்டில் 41 என்று எழுதியிருக்கும். மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடப்பதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதை எழுதிய புண்ணியவான் நான்தான்.

சாலையை அகலப்படுத்த வெட்டவேண்டிய மரங்களுக்கு எண் போடுவது அப்போது என் வேலை. நான் கொண்டுவரும் பட்டியலை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அக்கா அடித்துத் தருவார். அவர் கவிதை எழுதுவது எங்களுக்கெல்லாம் கேலி. பத்திரிகைக்கு அனுப்புவார், போன வேகத்தில் திரும்பி வரும். "என்னக்கா, சுவத்துல அடிச்ச பந்து மாதிரி திரும்பி வந்திருச்சா?" என்று நானே கேட்டிருக்கிறேன். கோபப்பட மாட்டார். "ஒரே ஒரு ஆளாச்சும் வாய்விட்டு வாசிச்சாப் போதும் தம்பி" என்பார்.

கடைசி எண்ணான நாற்பத்தொன்று, அவர் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் மரம். பட்டியலில் அதைப் பார்த்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. மதியம் சாப்பிடாமல் எட்டு வரி எழுதினார். "வெயிலையெல்லாம் நீ வாங்கி நிழலை எமக்குத் தந்தவளே" என்று தொடங்கும். வெட்ட வருகிறவன் ஒருமுறை படித்துவிட்டு வெட்டட்டும் என்பது அவர் எண்ணம். சொரசொரத்த பட்டையில் பசை பிடிக்கவில்லை. கைப்பையில் கோவில் மஞ்சள் கயிறு கிடந்தது. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தக் கயிற்றால் கட்டினார். துணைக்குப் போன நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அது ஆடி மாதம் என்பதை இருவருமே மறந்திருந்தோம். அழகரைப் பார்க்க நடந்து போகிறவர்கள் மரத்தில் மஞ்சள் கயிற்றைக் கண்டால் சும்மா போவார்களா? யாரோ குங்குமம் வைத்தார்கள். ஒரே வாரத்தில் சேலையே சுற்றிவிட்டார்கள். ரம்பத்தோடு வந்தவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். "சாமி குடியிருக்குண்ணே. யாரு சொன்னாலும் நான் கை வைக்க மாட்டேன்" என்று போயே போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படித்தான். கடைசியில் பார்வையிட வந்த இன்ஜினியர் ஷூவைக் கழற்றிவிட்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு வரைபடத்தில் சாலையை வளைத்தார். மற்ற நாற்பது மரங்களும் விழுந்தன. அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மரம் பிழைத்ததில் அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும், "கயித்தத்தான தம்பி கும்பிட்டாங்க, கவிதைய யாரு பாத்தா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஓய்வுபெறும்வரை அந்தக் குறை தீரவில்லை.

போன ஆடியில் அக்காவும் நானும் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினோம். மரத்தைச் சுற்றி நாற்பது ஐம்பது பெண்கள் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். "வெயிலையெல்லாம் நீ வாங்கி..." அக்கா என் கையை இறுகப் பிடித்தார். எட்டு வரியும் வந்தன.

பூ விற்ற அம்மாவிடம், "இந்தப் பாட்டு யாரு எழுதுனது?" என்றேன்.

"யாரு எழுதுவா? ஆத்தாளே குடுத்தது சார். கயித்துல கட்டிக் கெடந்துச்சு. எம் மக வாய்விட்டு வாசிச்சா. அம்புட்டுப் பேரும் மனப்பாடம் பண்ணிட்டோம்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா தலையசைத்துத் தடுத்தார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தார். குரல் கணீரென்று வந்தது. ஒரு சுற்று முடிந்து, 41 இருக்கும் பக்கம் வந்தபோது என்னைப் பார்த்துக் கைதட்டியபடியே கேட்டார்:

"தம்பி, சுவத்துல அடிச்ச பந்து எங்க போச்சு?"