படுக்காத குதிரை

குதிரையைப் பற்றி நான் படித்ததெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான். கண்டியில் மிருக வைத்தியராக இருந்த அத்தனை வருடங்களிலும் என்னிடம் வந்தவை மாடுகள், ஆடுகள், கோழிகள், பணக்கார வீட்டு நாய்கள். ஆகவே ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி என் அலுவலகத்துக்கு வந்து, தன் குதிரை மெலிந்துகொண்டே போகிறது, ஒருக்கால் வந்து பாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. என் கணவர் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். அரசாங்க உத்தியோகத்தை விட மனமில்லாமல் நான் மட்டும் ஒரு மேல்மாடி அறையில் தங்கியிருந்தேன். மனிதர் படும் பாட்டில் குதிரை ஒரு கேடா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அது நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த பெட்டைக் குதிரை. விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். இடுப்பெலும்பில் சட்டையைக் கொழுவலாம். அந்த மலையில் கார்த்திகையில் தொடங்கும் மழையும் பனிமூட்டமும் மாசி வரை விடாது. இந்த உடம்போடு அந்தக் குளிரை அது தாண்டாது என்பது எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

புத்தகத்தில் இருந்ததையெல்லாம் செய்தேன். கடைவாய்ப் பற்களை அரத்தால் ராவினேன். பூச்சி மருந்து கொடுத்தேன். அவித்த கொள்ளு, தவிடு, கொஞ்சம் வெல்லப்பாணி, உப்பு, வெட்டிய புல் என்று நேரம் போட்டு எழுதிக் கொடுத்தேன். முதுகுக்குச் சாக்குப் போர்வை தைக்கச் சொன்னேன். மூன்று வாரம் கழித்துப் போய்த் தையல்காரரின் அளவு நாடாவால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. கொடுத்த தீனி முழுவதையும் தின்கிறது என்று, இப்போது அதைப் பார்த்துக்கொண்ட தோட்டக் காவல்காரர் சத்தியம் பண்ணினார். முன்னங்கால்களின் கணுவில் மட்டும் காய்ந்த புண்கள் இருந்தன. தரை சரியில்லை என்று அவரைத்தான் ஏசினேன்.

அன்று மழை விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் லாயத்துக்குள்ளேயே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன். குதிரையின் கண் மெல்ல மூடியது. தலை தாழ்ந்தது. சட்டென்று முன்னங்கால்கள் மடிந்து, கணு இரண்டும் சீமெந்தில் உரசின. திடுக்கிட்டு எழுந்து நின்று காதை விறைத்துக்கொண்டது. அரை மணித்தியாலத்தில் நான்கு தடவை இப்படி நடந்தது.

அப்போதுதான் பரீட்சைக்குப் படித்த ஒரு வரி ஞாபகம் வந்தது. குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்து உறங்க அது படுத்தே ஆகவேண்டும். பயமிருந்தால் படுக்காது. தனக்காக விழித்திருக்க நம்பிக்கையான ஒரு துணை இருந்தால்தான் படுக்கும். இந்தப் பாவப்பட்ட சீவன் நான்கு மாதத்துக்கு மேலாக உறங்கவில்லை. நான் அதற்குப் பல்லை ராவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லாயத்துக்கு இருபது அடி தள்ளித்தான் கலவரத்தில் எரிந்த லயம், தொழிலாளரின் வரிசை வீடு, இருந்தது. கூரை இல்லாமல் கரிப்பிடித்த சுவர்கள் மட்டும். அங்கேதான் குதிரைக்காரர், குதிரையைப் பத்து வருடமாகப் பார்த்தவர், மனைவியோடும் மகளோடும் இருந்தார். கும்பல் வந்தபோது முதலாளி அவர்களைக் கராம்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் ஒளித்து வைத்து, மூன்றாம் நாள் தானே லொறி ஓட்டிக் கண்டி அகதி முகாமில் விட்டார். கெட்ட மனிதர் அல்ல. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குப் பிறகு இவ்வளவு சிக்கல் வந்திருக்காது.

முதலில் ஒரு மாட்டைத் துணைக்குக் கட்டிப் பார்த்தோம். குதிரை அதைக் கடித்தது. காவல்காரரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னோம். அவர் நன்றாக உறங்கினார், குதிரை விழித்திருந்தது. குதிரைக்காரர் இப்போது கலஹாவில் மைத்துனர் வீட்டில் இருக்கிறார், நீங்களும் தமிழ்தானே, நீங்கள் பேசினால் வருவார் என்றார் முதலாளி.

கலஹாவில் அந்த ஒற்றை அறைக்குள் ஒன்பது பேர் இருந்தார்கள். வவுனியாவில் காடு வெட்டிய காணி கிடைக்கிறது என்று, அடுத்த கிழமை லொறியில் போவதற்காகச் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றார்.

"சாப்பிடலிங்களா டாக்டரம்மா?"

"சாப்பிடுது. படுக்குதில்லை."

 அவருடைய மனைவிதான் சொன்னார். "லயத்துக்குத் தீ வச்சு அஞ்சு மாசமாகப் போகுது. நாங்க இருக்கமா செத்தமான்னு கேக்க ஒருத்தர் வரல. குதிரைக்குன்னதும் கவுமெந்து டாக்டரே வர்றாங்க."

 வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வேலையைப் பாதியில் விட்டால் எனக்குப் பொறுக்காது. "மூண்டு மாசம்தான். மழை விடுமட்டும். அங்க ஒருத்தரும் உங்களைத் தொடமாட்டினம், நான் பொறுப்பு" என்றேன். என்ன பொறுப்பு? கண்டி டவுனில் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏற எனக்கே தைரியம் இல்லாத காலம் அது. லொறி யாருக்காகவும் நிற்காது என்பதால் மனைவியும் மகளும் வவுனியாவுக்குப் போனார்கள். அவர் என்னோடு வந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் நான் போனபோது குதிரை நாலு காலையும் நீட்டிக்கொண்டு தரையில் கிடந்தது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்த குதிரைக்காரர் வாயில் விரலை வைத்து என்னைப் பேசவிடாமல் தடுத்தார். குதிரையின் வயிறு ஏறி இறங்கியது. தூக்கத்தில் உதடு துடித்தது. இந்த உத்தியோகத்தில் நான் மனமாரச் சந்தோசப்பட்ட நாட்கள் கொஞ்சம். அதில் அது ஒன்று.

அதற்குப் பிறகு தின்றது உடம்பில் ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் நாடா விரற்கடை விரற்கடையாகக் கூடியது. நான் கொப்பியில் எழுதினேன். குதிரைக்காரரின் கண் சிவந்து, கன்னம் ஒட்டிக்கொண்டு வந்ததையும் பார்த்தேன். அதை எழுத அந்தக் கொப்பியில் இடமில்லை.

ஒரு நாள் கராம்பு மூட்டை ஏற்றக் கடைவீதியிலிருந்து ஒரு லொறி வந்தது. அதில் வந்த ஒருவன் குதிரைக்காரரைப் பார்த்துச் சிரித்து, பீடிக்கு நெருப்புக் கேட்டான். அவர் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவன் பற்றவைத்துக்கொண்டு லொறிக்குத் திரும்பிப் போனான்.

"தெரிஞ்ச ஆளோ?" என்றேன்.

"எங்க லயத்துக்கு வந்தவங்கள்ல ஒருத்தன்" என்றார் சாதாரணமாக. அன்று அவர் வாளியில் உட்காரவில்லை. குதிரையும் படுக்கவில்லை.

"நீங்க நித்திரை கொள்ளுறதே இல்லையோ?" என்று கேட்டேன்.

"அது தூங்கணும்னா ஒருத்தன் முழிச்சிருக்கணுமில்லம்மா."

அப்போதாவது, நீங்கள் போங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். நாடாவில் இன்னும் நான்கு விரற்கடை மிச்சமிருந்தது. நான் சொல்லவில்லை. மூன்று மாதம் நான்கு மாதமானது. சித்திரையில் குதிரையின் விலா மறைந்து, தோல் பளபளத்தது. முதலாளி எனக்கு ஒரு போத்தல் மலைத்தேன் தந்தார். குதிரைக்காரர் குதிரையின் நெற்றியைத் தடவிவிட்டு, ஒரு சின்னப் பையோடு வவுனியா பஸ் ஏறினார்.

புரட்டாதியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மகளின் கையெழுத்து. காணியில் கல்லுத்தான், கிணறு தோண்டுகிறோம், அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி இருந்தது: "குதிரை எப்படி இருக்குன்னு அப்பா கேட்கச் சொன்னார். மெலிஞ்சா எழுதுங்க, வந்து பார்த்துக்குவாராம்." பதில் எழுத வேண்டும் என்று மேசை லாச்சிக்குள் வைத்தேன். சோம்பலில் அப்படியே கிடந்தது.

கார்த்திகை மழை தொடங்கி மூன்றாம் கிழமை முதலாளி மறுபடி வந்தார். குதிரை பழையபடி மெலிகிறது, முன்னங்கால்களில் புண் வந்துவிட்டது என்றார். குதிரைக்காரரின் முகவரி வேண்டும், போக்குவரத்துக்கு நானே செலவழிக்கிறேன் என்றார். அந்த நாட்களில் வவுனியா வீதியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துத் தமிழ் ஆம்பிளைகளை இறக்கிக் கொண்டுபோகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. கடிதம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த மேசைக்குள்தான் இருந்தது.

முகவரி தெரியாது என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனாலும் தேநீரைக் குடித்து முடித்து, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். காலையிலிருந்து பின்னேர பஸ் வரும்வரை லாயத்துக்குள் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதம் எட்டு நாள் அப்படிப் போனேன். குதிரை என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. கால் மடியும், எழும்பும், திரும்ப என்னைப் பார்க்கும். ஊசியோடும் அரத்தோடும் வந்தவளை அது எப்படி நம்பும்? எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது.

தை பிறப்பதற்குள் அது செத்துப்போனது. நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்ததாம். நான் போய்ப் பார்த்து, இறப்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அப்போதும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்துதான் லாச்சியைத் திறந்து, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினேன். குதிரை நல்ல சுகம், உடம்பு வைத்திருக்கிறது, மத்தியானத்தில் கால் நீட்டிப் படுக்கிறது, அப்பா வரவேண்டிய அவசியமே இல்லை என்று எழுதினேன்.