லூர்து மேரி டீச்சரின் கேள்வி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை மடவார் வளாகம் கோயிலில் பிரகாரம் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை பாத்திமா பேசினார். "லூர்து மேரி டீச்சர் போயிட்டாங்க டீச்சர்" என்றார்.  பாதிச் சுற்றில் விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறுவதா என்று தடுமாறினேன். லூர்து மேரி டீச்சரிடமே கேட்டிருந்தால், "முடிச்சுட்டு வாங்க, நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். முடித்துவிட்டே பஸ் ஏறினேன்.

அவரோடு பழகியவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நான் தமிழாசிரியை, அவர் மறைக்கல்வி ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் வேதபாடம் படிக்க அவரிடம் போவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நான் நன்னெறி வகுப்பு எடுப்பேன். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம், இந்தப் பக்கம் கொட்டாவி.

பாடம் முடிந்ததும் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். பிறகு யாரும் எதையும் கேட்கலாம். "கேள்வி கேட்டா சாமி கோவிச்சுக்கிடாது. படிக்காம வந்தாத்தான் நான் கோவிச்சுக்கிடுவேன்" என்பார். வேதக்கதையில் பெருவெள்ளத்துக்கு முன் எல்லா உயிரையும் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்ட நோவா, தன் பெட்டகத்தில் மூட்டைப்பூச்சியையும் ஏற்றினாரா என்று ஒரு பையன் கேட்டான். "ஏத்தாமலா நம்ம ஹாஸ்டல் வரைக்கும் வந்து சேந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

இதைக் கேள்விப்பட்டு என் வகுப்புப் பிள்ளைகள் மெல்ல அந்தப் பக்கம் நழுவ ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பார்த்தால் என் வகுப்பில் ஒரு பெஞ்சு முழுக்கக் காலி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். "வந்து உக்காந்த புள்ளைய எப்படி டீச்சர் எந்திரின்னு சொல்ல? நீங்களும் வாங்க" என்றார். என் கோபம் என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

வினை, மறைமாவட்டத்திலிருந்து வந்தது. மறைக்கல்வி எப்படி நடக்கிறது என்று பார்க்க, நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பரிசோடு பாதிரியார் ஒருவர் வந்தார். நழுவிய பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப யாருக்கும் நினைவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து எழுந்து பதில் சொன்னாள். பத்துக் கட்டளை, ஏழு திருவருட்சாதனம் என்று ஒன்றைக்கூட விடவில்லை. பரிசு இவளுக்குத்தான் என்று மகிழ்ந்துபோய், கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மையை எப்போது வாங்கினாய் என்று விசாரித்தார். அவள் தயங்காமல் சொன்னாள்: "வாங்கலை ஃபாதர். எங்க வீட்டுல மாரியம்மனைத்தான் கும்பிடுவோம்."

வகுப்பே சிரித்தது. தலைமையாசிரியையான கன்னியாஸ்திரிச் சகோதரிக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. பரிசு வேறு பிள்ளைக்குப் போனது. அந்த வாரமே பேச்சு அவள் ஊரான தேவதானம் வரை போய், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். அவர் மேலிடத்தில் புகார் கொடுத்தால் டீச்சரிடமிருந்து வகுப்பை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. டீச்சரோடு என்னையும் தலைமையாசிரியை அறையில் நிற்க வைத்திருந்தார்கள்.

அவள் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "எம் புள்ள வேதத்துக்கு மாறிருவாளா டீச்சர்?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு அவ மனசுல என்ன வரும்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. மாறச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அவ ஒரு பொய் சொல்லியிருந்தா அன்னைக்குப் பரிசு அவளுக்குத்தான். சொல்லலையே. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

அவர் நாற்காலியை இழுத்து டீச்சர் எதிரே உட்கார்ந்தார். பிறகு, உங்கள் வகுப்பில் பெரியவர்கள் கேள்வி கேட்கலாமா என்றார். பட்டாளத்தில் என்னோடு காவலுக்கு நின்றவன் செத்தான், நான் பிழைத்தேன், அது ஏன் என்று கேட்டார். டீச்சர் கணவரை இளம் வயதில் பறிகொடுத்தவர். "நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி" என்றார். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "புள்ள அங்கனயே உக்காரட்டும்" என்று சகோதரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கேள்வி நேரத்துக்கு இரண்டு வகுப்பும் வராந்தாவில் ஒன்றாகவே உட்கார்ந்தன. ஓய்வு பெற்றபோது டீச்சர் அந்த நேரத்தை என் தலையில் கட்டினார். வேதம் தெரியாத நான் எப்படி என்று மறுத்துப் பார்த்தேன். "பதில் சொல்றதுக்குத்தான் படிப்பு வேணும். கேக்க விடுறதுக்கு என்ன வேணும்?" என்று சிரித்தார்.

அடக்கத்துக்குத் தேவதானத்திலிருந்து அந்த அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். திருப்பலி முடியும்வரை அவர் கைகட்டி நின்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை. வராந்தாவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். "லூர்து டீச்சர் இப்ப எங்க இருப்பாங்க?" என்றான். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து அவனே, "டீச்சர், நீங்க அழுது முடிங்க. எனக்கு இன்னொரு கேள்வி இருக்கு" என்றான். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன்.

என் எதிரே பிள்ளைகள் பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். லூர்து மேரி டீச்சர் எனக்கு விட்டுப்போனது அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேளுடா என்றேன்.