லைன்மேன் வீட்டுப் பாத்தி

மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று பட்டச் சான்றிதழையும் உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாக வந்த சான்றிதழ். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற லைன்மேன்; அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, பூனை வளர்ப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லையென்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

காரணம் பிறகு தெரிந்தது. அவர் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடம்பு அதை ஏற்றுக்கொள்ள மணி தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரையோ நோயை எதிர்க்கும் தெம்பையும் குறைத்துவிடும். பூனைக் கழிவு கலந்த மண்ணில் கைவைக்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆனால் கொல்லைப் பாத்தியில் கத்தரியும் தக்காளியும் வைக்காமல் அந்த அம்மாவால் இருக்க முடியாது. "மண்ணத் தொடாதேன்னா, படுத்தே கெடன்னு அர்த்தம்" என்பார்.

பக்கத்து வீட்டுப் பூனையம்மாவிடம் ஏழு பூனைகள். பொழுது சாய்ந்தால் ஏழுக்கும் அந்தப் பாத்திதான் கழிப்பறை. லைன்மேன் ஆரஞ்சுத் தோல் பரப்பினார், முள் வெட்டிப் போட்டார், வலை கட்டினார். வலையில் ஒரு பூனை தொட்டில் கிடைத்ததுபோல் படுத்துத் தூங்கியது.

"உங்க பூனைய நீங்கதாம்மா அடக்கி வைக்கணும்."

"எந்தப் பூனைண்ணே சொன்ன பேச்சு கேக்குது? நீங்க வேணா கூப்பிட்டு வச்சுப் பாடம் நடத்துங்க."

மனைவிக்கு உடம்பு இன்னது என்று பூனையம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தெருவே வந்து உச்சுக்கொட்டுவதை அவரால் சகிக்க முடியாது.

முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறியவர். ஒரு சனிக்கிழமை பாத்தியைச் சுற்றிச் சாண் உயரத்தில் வெற்றுக் கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்தார். வேலையில் இருந்தபோது ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கம்பத்தில் கால் வைப்பார். கட்டை தன் பையில் இருக்கும்வரை எவனும் கரண்ட் விட முடியாது. இங்கேயும் கம்பிக்கென்று தனிக் கட்டை வைத்து அதே கணக்கு: படுக்கப்போகும்போது மாட்டுவது, மனைவி எழுமுன் பிடுங்கிப் பையில் போடுவது. "சும்மா கம்பிதான், தாண்டிப் போ" என்று மனைவியிடம் சொல்லி வைத்தார். முதல் நாளே ஒரு பூனை அலறியது. பிறகு ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் மாத்திரை அட்டை காலி. ஆறரைக்கு விழுங்கியாக வேண்டும். அடித்துப்பிடித்து எழுந்து சைக்கிளை மிதித்தார். மருந்துக்கடையில் சீட்டை எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். சீட்டு மட்டும்தான் இருந்தது.

மனைவி பாத்திக்குத் தண்ணீர் விடும் நேரம்.

சைக்கிளில் வந்ததே மறந்து ஓடினார். பால்காரர் எதையோ கேட்டார், காதில் விழவில்லை. கேட்டைத் தள்ளியபோது கொல்லையில் தண்ணீர் கொட்டும் சத்தம். கையில் ரப்பர் குழாயோடு, ஈரக்காலைப் பாத்திப் பக்கம் தூக்கிவிட்டிருந்தார் மனைவி.

"அசையாத! அப்படியே நில்லு!"

உள்ளே பாய்ந்து கட்டையைப் பிடுங்கினார். வெளியே வந்தபோதும் அது அவர் கையில் இருந்தது. லைன்மேன் பெண்டாட்டிக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்போ கம்பியில..."

"பூனைக்குத்தான்..."

"எங்கண்ணன் அறுத்துக் குடுத்த கிட்னிங்க இது. பூனைக்கு வச்ச கம்பியில போறதுக்கா?" பிறகு சட்டென்று, "மாத்திரை எங்க?"

வாங்கவே இல்லை. மணி ஆறு இருபத்தைந்து.

கூச்சல் கேட்டுப் பூனையம்மா மதில்மேல் தலையை நீட்டினார். மனைவி கணவரைக் கேட்கவில்லை. ஆபரேஷன், மாத்திரை, மண் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"கரண்ட் வைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு வாயத் தொறக்கத் தெரியலையா? ஏறுங்கண்ணே வண்டியில!"

பூனையம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால், ஃபியூஸ் கட்டையைக் கையில் பிடித்தபடியே லைன்மேன் உட்கார்ந்து போனதைத் தெருவே பார்த்தது. மாத்திரை தொண்டைக்குள் இறங்கியபோது ஆறு முப்பத்தெட்டு.

அன்றே கம்பி கழன்றது. பாத்தி மண்ணை முழுக்க வாரிவிட்டுப் புது மண் போட்டார்கள். பூனையம்மா தன் கொல்லையில் காய்ந்த மணலைக் குவித்தார். அது பூனைகளுக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது லைன்மேன் மனைவி கையுறை மாட்டிக்கொண்டு தக்காளிக்குக் கொம்பு ஊன்றுகிறார். லைன்மேன் தினமும் காலையில் பூனையம்மா வீட்டுக்குப் போய், மணலைச் சலித்து ஏழு பூனைகளின் கழிவையும் அள்ளிக் கொட்டிவிட்டு வருகிறார்.