முத்துச்செல்வியின் காலை நேரம்

முத்துச்செல்வியின் சினைப்பை முப்பத்தைந்து வயதிலேயே ஓய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும், அக்கா கனகலட்சுமி தன் கருமுட்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். உறவுக்காரர் கொடுக்கச் சட்டம் இடம் தராது, அக்காவுக்கு வயதும் கடந்துவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். முகம் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முட்டையில் உருவான கருக்கள் அங்கே உறைநிலையில் காத்திருந்தன. முட்டைதான் கொடுக்க முடியவில்லை, சோறாவது ஆக்கிப்போடலாம் என்று அக்கா தென்காசியிலிருந்து, சென்னைக்கு வெளியே வடக்குப்பட்டில் இருந்த தங்கையின் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தங்கையைப் பற்றி அவளுக்கு அத்தனை பெருமை. கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை லைனில் செல்வியின் கை பிசகியதில்லை. இத்தனை வருடத்தில் தனக்கென்று ஷிஃப்ட் மாற்றிக் கேட்டதும் இல்லை.

ஆனால் கருவை வைக்கும் நாள் இரண்டு முறை தள்ளிப்போனது.

"முட்டை கொடுத்த பொண்ணுக்குச் சின்ன வயசு, கருவும் நல்லா இருக்கு. அதைத் தாங்கிப் பிடிக்க உங்க கர்ப்பப்பையோட உள்சுவர் தடிக்கணும். மாத்திரை போட்டும் தடிக்கலையே" என்றார் டாக்டர். இன்னொரு முறைதான் பார்க்கலாம் என்று செல்வியின் கணவன் திருமலையும் சொல்லியிருந்தான்.

திரும்பும் வழியில் செல்வி சொன்னாள்: "பார்ட்டு நல்ல பார்ட்டுதான்க்கா. மாட்டுற இடந்தான் சரியில்ல."

நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. சாயங்காலம் எழுந்து பல் துலக்கியவள் மாத்திரையைப் பிரித்தாள்.

"ஏட்டி, இது காலையில போடுத மாத்திரைல்லா?"

"எனக்கு இப்பத்தானக்கா காலை. எந்திரிச்சதும் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு."

"போன வாரம் விடியுமுன்ன போட்டியே."

"அது ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்."

சொல்லிவிட்டு அவளே கையை நிறுத்தினாள்.

உடனே டாக்டருக்குப் போன் போட்டார்கள். வாரத்துக்கு வாரம் நேரம் மாறினால் மருந்து உடம்பில் சீராக நிற்காது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பகல் ஷிஃப்டாக வாங்கிக்கொண்டால் தூக்கமும் சரியாகும் என்றார் அவர்.

"கேட்டா காரணம் சொல்லணும்க்கா. யார் முட்டைன்னு பேசுவாக."

"மருந்து சாப்பிடுதேன்னு சொல்லு. அதுக்கு மேல எவளுக்கு என்ன?"

மறுநாள் வீடு திரும்பியதும் செல்வி சூப்பர்வைசர் டில்லிபாபுவைப்போல இடுப்பில் கைவைத்து நின்றாள். "'இன்னாமா, உனக்கு வாய் கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஜெனரல் ஷிஃப்ட்ல வா, போ'ன்னாருக்கா. காரணமே கேக்கல. இனிமே தினம் பகல் வேலதான்."

அந்த மாதம் உள்சுவர் தடித்தது. ஒரு கருவை வைத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் அது ஒட்டியிருப்பது தெரிந்தது. இன்னும் தாண்ட வேண்டியது நிறைய இருக்கிறது, மாத்திரையை விடக்கூடாது என்று டாக்டர் எச்சரித்தே அனுப்பினார்.

அடுத்த திங்கட்கிழமை செல்வி யாரும் சொல்லாமலே போய், லைனில் உட்கார்ந்து வேலை செய்ய ஸ்டூல் கேட்டு வாங்கினாள். முதலில் கொடுத்தது ஆடியதாம். அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியிருக்கிறாள்.