சினிமா அம்மாக்களுக்குச் சாமான் கொடுக்கிறவன்

சினிமாவில் ஓர் அம்மா கஷ்டப்பட வேண்டுமென்றால் குறைந்தது பதினான்கு சாமான்கள் வேண்டும். அவற்றை வாடகைக்குக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மைசூருக்கு ஷூட்டிங் வருகிறவர்கள் கதாநாயகனையும் கேமராவையும் மறக்காமல் கொண்டுவருவார்கள். அம்மாவின் சாமானைத்தான் மறந்துவிடுவார்கள். அப்போது என் ஷெட்டுக்கு ஆள் வரும். நசுங்கிய அலுமினியத் தட்டு, ஒட்டுப் போட்ட புடவை, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, இருமினால் தண்ணீர் குடிக்க ஒரு சொம்பு, எல்லாம் ஒரே தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்குப் பெயரே ‘அம்மா பெட்டி’. கூடவே ஒரு தையல் மெஷின். இவ்வளவையும் கொடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அம்மா ஆகிவிடலாம்.

இப்படி ஊருக்கெல்லாம் அம்மா தயார் செய்கிறவன், சொந்த அம்மாவிடம் ஆறு வருஷம் பேசவில்லை. அம்மா நஞ்சன்கூட்டில் தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பி புது வீடு கட்டிக் குடி போன அன்று, பந்தியில் யாரோ, “பெரியவர் என்ன பண்றார்?” என்று கேட்டார்கள். “அவனா, பழைய சாமான் யாவாரம்” என்று அம்மா சொல்லிவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறியவன்தான் நான். நாலாம் கிளாஸோடு நின்றவன். படித்த வாய்ப்பாடு மறந்துபோயிற்று, இந்த ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. அவள் கூப்பிட்டால் போவது என்று இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. எண்பத்து மூன்று வயதில் அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை, பயமெல்லாம் எனக்குத்தான். அவள் போய்விட்டால், வீம்பில் நான் ஜெயித்தேன் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

பெற்றவளிடம் முறைத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஊசி இல்லாத மெஷின்

சினிமா அம்மாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். ஒரு தடவை ஒரு நடிகை விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டதால், அன்றிலிருந்து ஊசியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மெஷினை அனுப்புவேன். பார்க்கிறவர்களுக்கு மிதிக்கிற கால் தெரிந்தால் போதும். மிதிக்க மிதிக்கப் பையன் வளர்ந்துவிடுவான்.

ஒரு நாள் அம்மாவாக வந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மகனாக வந்தவருக்கு அதைத் தாண்டி இருக்கும். அம்மாவின் தலையில் பவுடர் பூசி வெள்ளையாக்கினார்கள், மகனின் தலையில் மை பூசிக் கறுப்பாக்கினார்கள். ஒரு மணி நேரம் மிதித்து முடித்த அம்மா என்னை அருகில் கூப்பிட்டார். எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: “ஏண்ணா, இதுல ஊசியே இல்லையே. ஊசி இல்லாம இருபது வருஷம் தைச்சு, இவரை எப்படி நான் கலெக்டர் ஆக்குனேன்?”

கடைசிப் பிடி சோறு

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆற்றோரம் ஓர் ஓட்டு வீடு. வீட்டில் இருக்கும் கடைசிப் பிடி சோற்றை மகனுக்குப் போட்டுவிட்டு, ‘நான் சாப்பிட்டேன்ப்பா’ என்று அம்மா சொல்ல வேண்டிய காட்சி. சோறு என் பொறுப்பு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், காட்சிக்கு வைத்த சாப்பாட்டை ஷாட்டுக்கு முன்னால் லைட் தூக்குகிறவர்கள் தின்று தீர்த்துவிடுவார்கள். என்னிடம் அதற்கு மருந்து உண்டு. இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறி வைத்துவிடுவேன். ஒருவனும் கிட்டே வரமாட்டான். மகனாக நடிக்கிறவரும் சோற்றை அளைவதோடு சரி, வாயில் வைக்கமாட்டார்.

அன்று டைரக்டருக்குத் திடீரென்று ஒரு யோசனை. மகன் போன பிறகு, தட்டில் ஒட்டியிருக்கும் நாலு பருக்கையை அம்மா வழித்து வாயில் போட வேண்டுமாம். அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடிகையம்மா அனுபவசாலி, நாலு பருக்கையில் நிற்காமல் ஒரு வாய் நிறையப் போட்டுக்கொண்டார். முகம் கோணியது, உதடு நடுங்கியது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். துப்பவும் முடியவில்லை, கேமரா ஓடுகிறது. ‘கட்’ சொன்னதும் டைரக்டர் ஓடிவந்து அவர் காலைத் தொட்டு, “அம்மா, அந்தப் பாசம் எங்கேருந்தும்மா வருது?” என்றார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: “பாசம் இல்ல தம்பி, உப்பு.”

அந்தப் படம் அழுது அழுது ஓடியது. டைட்டிலில் என் பெயர் இல்லை. என் பெயர் போடாத படங்களின் பட்டியல் முழுவதும் என் மனதில் இருக்கிறது, வரிசை தப்பாமல்.

சுவரைப் பார்த்திருந்த போட்டோ

சில படங்களில் கதை ஆரம்பிக்கும் முன்பே அம்மா இறந்திருப்பாள். இந்த மாதிரிப் படத்தில் நடிகைச் செலவு மிச்சம். ஒரு போட்டோவும் சந்தன மாலையும் போதும். சந்தன மாலைக்கு மைசூரில் பஞ்சமா? போட்டோவுக்குத்தான் அன்று பஞ்சம். ஆர்ட் டிபார்ட்மெண்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, “அங்கிள், அரை மணி நேரத்துல ஒரு செத்துப்போன அம்மா வேணும்” என்றாள். என்னிடம் இருந்த மூன்று அம்மாக்களில் இருவர் மழையில் நனைந்து முகம் அழிந்திருந்தார்கள். மூன்றாமவர் போன மாதம்தான் ஒரு வில்லனுக்கு அம்மாவாகப் போய்வந்தவர்.

மிச்சம் இருந்தது என் அம்மா. என் மனைவி சரசு ஷெட்டில் மாட்டி வைத்த போட்டோ. ஆறு வருஷமாக அதைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். “வேண்டாங்க, உசுரோட இருக்கறவங்க” என்று சரசு கையைப் பிடித்தாள். “சினிமாதானே?” என்றேன். உண்மையைச் சொன்னால், பழைய சாமான் யாவாரம் என்றவளுக்கு இது நல்லா வேணும் என்று ஓர் அற்ப சந்தோஷமும் இருந்தது.

மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, விளக்கேற்றினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். “யாரு?” என்றாள். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டு உள்ளே போனேன். அந்தப் பெண் போட்டோவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “அங்கிள், இவங்களைப் பார்த்தா செத்த மாதிரியே தெரியல. இறங்கி வந்து யாரையோ அறையப் போற மாதிரி இருக்காங்க.”

பொங்கலுக்கு வந்த துக்கம்

தியேட்டரில் படம் மூன்று நாள்தான் ஓடியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். பொங்கலுக்கு டிவியில் போட்டுவிட்டார்கள். மார்டள்ளியில் அம்மா பிறந்த வீட்டில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. கதாநாயகன் அந்தப் போட்டோவைக் கட்டிக்கொண்டு ஒரு முழுப் பாட்டுக்கு அழுகிறான். மாமா மகன் பழனி எழுந்து நின்று, “இது நம்ம அத்தையல்லோ?” என்றானாம். பெற்ற மகனே மாலை போட்டுக் கொடுத்திருக்கிறான் என்றால் வேறு என்ன அர்த்தம்? அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லாததால் நமக்குத் தகவல் சொல்லவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்து, மறுநாள் விடிந்ததும் ஐந்து பேர் மாலையோடு நஞ்சன்கூட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

வாசலிலேயே பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்திருக்கிறார்கள். கதவைத் திறந்தது அம்மா. அழுத வேகத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி, கூட உட்கார்ந்து அவளும் கொஞ்சம் அழுதிருக்கிறாள். பிறகுதான் யாருக்காக என்று விசாரித்திருக்கிறாள். பழனி எனக்குப் போன் செய்தபோது பின்னால் காபி டம்ளர் சத்தம் கேட்டது. “மச்சான், ரோஜா மாலை, வாடிப் போகுது. திருப்பி எடுத்துட்டுப் போகட்டுமா, இங்கயே வெச்சுட்டுப் போகட்டுமானு அத்தையே கேக்குது.”

அவரைக்காய்

அன்று மத்தியானமே நஞ்சன்கூடு போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன்: மகன் காலில் விழுவான், அம்மா தூக்கி நிறுத்துவாள், இருவரும் அழுவார்கள். அம்மா முற்றத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நேரே போய்க் காலில் விழுந்தேன். விழுவது சுலபம், அறுபத்தைந்து வயது முழங்கால் எழுந்திருக்க மாட்டேன் என்றது. அம்மா தூக்கவில்லை, அவரையை உரித்துக்கொண்டே இருந்தாள். தம்பிதான் வந்து தூக்கி நிறுத்தினான்.

“நீ என்னைப் பழைய சாமான் யாவாரின்னு சொன்னே” என்றேன். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்தது, அது ஒன்றுதான் வாயில் வந்தது. “வேற என்னடா சொல்றது? அந்தப் போட்டோ புடிச்சு முப்பது வருசம். அதையும் வாடகைக்கு விட்டுட்டே” என்றாள். தம்பி சிரித்தான். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவள், “அந்தப் பையன் யாரு பெத்த புள்ளையோ, எனக்காக அப்படி அழுதானாமே. பழனி சொன்னான்” என்றாள். நான் வேட்டியைத் தட்டிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். “போன் போட்டுக் குரல் கேட்டுட்டு வெச்சது நீதானே?” என்றாள். தலையை ஆட்டினேன். முறத்தை என் பக்கம் தள்ளினாள். நானும் உரித்தேன். அவள் திட்ட ஆரம்பித்தாள்: நான் பிறந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தது, கல்யாணத்தில் முறைத்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாக. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். “போ. ஆனா இன்னும் பாதிகூடச் சொல்லி முடிக்கல. நாளைக்கும் வா.”

சினிமா அம்மா மன்னிக்க ஒரு பாட்டு போதும். என் அம்மா மன்னித்து முடிப்பதற்கு நஞ்சன்கூட்டுக்குப் பஸ் பாஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.