அக்கா ஏசிய திற்பரப்புக் குருவி

கொல்லம் ஆண்டு 1109 ஆவணியில், அதாவது 1933-இல், நான் திற்பரப்பு அருவிக்குப் போனது குளிக்க அல்ல, வீம்புக்கு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டமொன்றில் ஆறு வருஷம் கணக்கெழுதிய என் அத்தான் விடுப்பில் வந்திருந்தார். அடுத்த மாதம் மறுபடி கப்பல். அக்கா அழுதும் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். அவரோ அந்தத் தீவுக் காட்டில் பாடும் மஞ்சள் வயிற்றுக் குருவியின் பெருமையே பேசினார்.

"அதுக்க பாட்டு மாதிரி இஞ்ச ஒண்ணு உண்டா மக்கா?" என்றார் என்னிடம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் கோதையாற்றுக் கருநீலக் குருவியைக் கேட்காத காதும் ஒரு காதா? அக்காவையும் கூட்டிக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

தக்கலையிலிருந்து குலசேகரத்துக்கு பஸ், ஆளுக்கு மூன்று சக்கரம் காசு. அங்கே சித்தப்பா வீட்டில் தங்கி, விடியுமுன் வில்வண்டியில் மூன்று மைல். தூறல் விடவில்லை. "தண்ணி கூடுதலாக்கும், பாத்து எறங்கணும், கேட்டியளா!" என்றார் வண்டிக்காரர்.

அக்கா பெண்கள் குளிக்கும் பக்கம் போனாள். நாங்கள் இப்புறம் பாறையடியில் நின்றோம். சற்று நேரத்தில் மேலே மரக்கூட்டத்திலிருந்து சீட்டி கேட்டது. வேலைவெட்டி இல்லாதவன் அடிப்பதுபோல ஏறி, இறங்கி, நின்று, மறுபடி. நான் நெஞ்சை நிமிர்த்தி அத்தானைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் அந்தத் தீவுக் குருவியைவிட ஒரு மாத்து கொறவுதான்" என்றார். என் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் அருவிச் சத்தத்தை மீறி அக்காவின் குரல் எழுந்தது.

"எவம்லே அது? பொம்பளையாளு குளிக்க எடத்துல சீட்டியா அடிக்க? வந்தேன்னா செவுட்டுல வச்சிருவேன்!"

குருவி நிறுத்தவில்லை. அக்காவும் நிறுத்தவில்லை. அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, அது குருவியாக்கும்!"

"குருவியானா மரியாதை வேண்டாமா?"

சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு வருசம் அந்தப் பாட்டைக் கேட்டேன் மக்கா. கூட நிண்ணு கேக்கவும் ஆளில்ல, ஏசவும் ஆளில்ல" என்றார்.

எங்கள் மலையும் ஆறும் எங்கள் பெண்களின் வாயும் எந்தத் தீவுக்கும் இளைத்தவை அல்ல. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போக நினைப்பவர்கள் மழை மாதத்தில், விடிவதற்குள் போங்கள். வெயில் ஏறினால் குருவி வாய் திறக்காது. அட்டைக்கு உப்பும் புகையிலையும் கொண்டுபோங்கள். பாறை வழுக்கும். வழி தெரியாவிட்டால் தக்கலையில் எங்கள் அத்தானைக் கேளுங்கள். இங்கேதான் இருக்கிறார்.