விற்ற வண்டி வழியில் நின்றது

இன்று காலை திருவரங்குளம் தாண்டி பைக்கில் வரும்போது, ரோட்டோரமாக என் பழைய பிக்கப் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் விற்ற வண்டி. கதவில் என் மகள் ஆணியால் கீறிய மயில்கூட அப்படியே இருந்தது. கடந்து போக மனம் வரவில்லை.

வாங்கியவர் கட்டுமாவடி மீன் வியாபாரி. பின்னால் பெட்டிகளிலிருந்து ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தாங்க ஓடிவந்துச்சு. டீக்கு நிறுத்துனப்ப, வெள்ளிக்கிழமையாச்சேன்னு உள்ளெல்லாம் தொடச்சு சந்தனம் வச்சேன். அப்பறம் ஸ்டார்ட்டே ஆகலைங்க. பேட்டரி புதுசு மாதிரி இருக்குங்கிறாரு மெக்கானிக்.”

துடைத்தேன் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஏறி உட்கார்ந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க நான் ரகசியமாக வைத்த சுவிட்ச், துணி பட்டு ஆஃப் ஆகியிருந்தது. விற்கும்போது அதைச் சொல்லவே மறந்திருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். அதே இருமல், அதே நடுக்கம். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

“இங்கிட்டு எதுக்குங்க ஒரு சுவிட்ச்?” என்றார்.

கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் என் மச்சானுக்காக வைத்தது.

மச்சான், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பேட்டரி போய்விட்டது என்று நம்பி அன்று நீங்கள் வாங்கி மாட்டிய புது பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது.